வசனம் திரையிலிருந்து வர வேண்டும்: சென்டர் ஸ்பீக்கர் கேள்வி பதில்

டிவிக்கு நடுவில், இடம் வலம் ஸ்பீக்கர்களுக்கு இடையே வைக்கும் சென்டர் ஸ்பீக்கரை எங்கே வைப்பது, எப்படி மாட்டுவது என்று வந்த கேள்விகளைச் சேர்த்து ஒரே மூச்சில் பதில் எழுதுகிறேன். படத்தின் வசனத்தில் பெரும்பகுதி இந்த ஒரு பெட்டியிலிருந்துதான் வருகிறது. அப்படியிருந்தும் பல வீடுகளில் அதற்குத்தான் மிச்சமிருக்கும் இடம் கிடைக்கிறது. அதுதான் எனக்கு மனத்தாங்கல்.

கேள்வி: டிவி ஸ்டாண்டின் கீழ்த்தட்டில் சென்டரை வைத்திருக்கிறேன். தரையிலிருந்து 40 செ.மீ. உயரம். சோபா 3 மீட்டர் தள்ளி இருக்கிறது. பேச்சு மங்கலாக, குடத்துக்குள்ளிருந்து வருவதுபோல் இருக்கிறது. நல்ல ஸ்பீக்கராக மாற்றிவிடலாமா சார்?

இப்போதைக்கு எதுவும் வாங்க வேண்டாம். இரண்டு விஷயங்களைச் சரிசெய்து பாருங்கள்.

ஒன்று, தட்டுக்குள் ஸ்பீக்கர் எவ்வளவு உள்ளே இருக்கிறது? முகப்பு உள்ளடங்கி இருந்தால் மேல்பலகை, கீழ்ப்பலகை, பக்கச் சட்டங்கள் எல்லாவற்றிலும் பட்டுத்தான் ஒலி வெளியே வரும். நீங்கள் சொல்லும் 'குடம்' அதுதான். ஸ்பீக்கரின் முகப்பு தட்டின் விளிம்போடு சமமாக, முடிந்தால் ஓரிரு செ.மீ. முன்னே நீட்டிக்கொண்டு இருக்கட்டும். சுற்றிலும் காலி இடம் நிறைய இருந்தால் பஞ்சோ மடித்த கம்பளித் துணியோ வைத்து அடையுங்கள். பின்பக்கம் துளை உள்ள ஸ்பீக்கர் என்றால் அந்தத் துளையை மட்டும் விட்டுவிடுங்கள்.

இரண்டு, அது எங்கே பார்க்கிறது? உட்கார்ந்திருப்பவரின் காது தரையிலிருந்து ஏறத்தாழ ஒரு மீட்டர் உயரத்தில் இருக்கும். உங்கள் ஸ்பீக்கர் 40 செ.மீ. உயரத்தில் நேராகப் பார்த்தால் அது பேசுவது உங்கள் முழங்காலோடுதான். வித்தியாசம் 60 செ.மீ., தூரம் 300 செ.மீ. என்றால் சுமார் 11 டிகிரி மேல்நோக்கிச் சாய்க்க வேண்டும். கணக்கெல்லாம் வேண்டாம் என்றால், ஐந்துக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். பெட்டியின் ஆழம் 25 செ.மீ. இருந்தால் முன்விளிம்பை 5 செ.மீ. உயர்த்தினால் போதும். கதவுக்கு வைக்கும் ரப்பர் ஆப்பு இரண்டு இருந்தால் வேலை முடிந்தது. உயர்த்திய பிறகு பின்னால் வழுக்காமல் இருக்க, பின்விளிம்புக்கும் ரப்பர் கொடுங்கள்.

சரியாகச் சாய்ந்திருக்கிறதா என்று பார்க்க ஒரு சின்ன முகம்பார்க்கும் கண்ணாடி போதும். இருபக்க டேப்பால் அதை முகப்பில் ட்வீட்டருக்கு (உயர்ந்த ஒலிகளைத் தரும் சின்ன வட்டம்) பக்கத்தில் தட்டையாக ஒட்டுங்கள். வழக்கமான இடத்தில் போய் உட்காருங்கள். கண்ணாடியில் உங்கள் கண் தெரிய வேண்டும்.

கேள்வி: மேலே கேட்டவன்தான் சார். கண்ணாடி ஒட்டிப் பார்த்தேன், தரைவிரிப்புதான் தெரிந்தது! சாய்த்த பிறகு முகம் தெரிகிறது. பேச்சும் தெளிவாகிவிட்டது. ஆனால் இப்போது ஸ்பீக்கர் மேல்பலகையில் இடிக்கிறது.

தட்டு குள்ளமாக இருந்தால் அப்படித்தான். ஸ்டாண்டின் மேலேயே, டிவிக்கு முன்னால் வைக்க இடம் இருக்கிறதா பாருங்கள். டிவியின் கால்களுக்குக் கீழே கட்டை கொடுத்து உயர்த்தினால் பெரும்பாலும் இடம் கிடைக்கும். ரிமோட் சென்சாரை மறைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். கட்டை அகலமாக, அசையாததாக இருக்க வேண்டும். குழந்தைகள் உள்ள வீடென்றால் டிவியைச் சுவரோடு பட்டை போட்டுக் கட்டிவிடுங்கள்.

கேள்வி: டிவிக்கு மேலே நல்லதா, கீழே நல்லதா?

எது காதின் உயரத்துக்குக் கிட்டே வருகிறதோ அது. பெரும்பாலான வீடுகளில் அது கீழே. டிவியைக் கீழாக மாட்டியிருந்து, அடியில் இடமே இல்லை என்றால் மேலே வைத்து, கீழ்நோக்கிச் சாய்த்துக்கொள்ளலாம்.

நம் இரண்டு காதும் தலையின் இரு பக்கமும் இருப்பதால், இடம் வலம் மாறினால் உடனே பிடித்துவிடுவோம். மேல் கீழ் அவ்வளவு துல்லியமாகத் தெரியாது. திரையில் உதடு அசைவதைக் கண் பார்த்துவிட்டால், குரலும் அங்கிருந்துதான் வருகிறது என்று மூளை எடுத்துக்கொள்ளும். பொம்மலாட்டத்தில் பொம்மையே பேசுவதுபோல் தோன்றுவதும் இதனால்தான். எனவே 30, 40 செ.மீ. ஏற்ற இறக்கத்தைக் காது மன்னித்துவிடும். நடுவிலிருந்து பக்கவாட்டில் நகர்த்துவதை மன்னிக்காது. அலமாரியில் இடம் இல்லை என்று சென்டரை ஓரமாகத் தள்ளி வைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

மேலே ஒன்று கீழே ஒன்று என்று இரண்டு சென்டர் போடலாமா என்றும் சிலர் கேட்டிருந்தார்கள். வேண்டாம். ஒரே குரல் இரண்டு தூரத்திலிருந்து வந்து ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும்.

கேள்வி: 11 கிலோ ஸ்பீக்கரைச் செங்கல் சுவரில் மாட்ட வேண்டும். நானே செய்யலாமா அண்ணா? எதில் கவனமாக இருக்க வேண்டும்?

செய்யலாம் தம்பி. ஆனால் அவசரப்படாதே. இதில் நான் ஒருமுறை அடிபட்டிருக்கிறேன். முதன்முதலில் மாட்டியபோது ஸ்குரூ இறுக்கமாகப் பிடித்ததும் திருப்தியோடு விட்டுவிட்டேன். மூன்றாம் நாள் இரவு ஒரு பக்கத்து பிளக் (ஸ்குரூ பிடிக்கச் சுவர்த் துளைக்குள் அடிக்கும் பிளாஸ்டிக் குழாய்) பூச்சோடு பெயர்ந்து வந்தது. ஸ்பீக்கர் ஒற்றை ஸ்குரூவில் சாய்ந்து தொங்கியது. கீழே டிவி. அன்றைக்கு வந்த நடுக்கம் இன்னும் நினைவிருக்கிறது.

தவறு என்னவென்றால், பிளக் முழுவதும் சிமெண்ட் பூச்சிலேயே நின்றிருந்தது. செங்கல்லை அது தொடவே இல்லை. பூச்சு எடை தாங்காது. துளையிடும்போது கீழே விழும் பொடியைப் பார். முதலில் சாம்பல் நிறமாக வரும், அது பூச்சு. பிறகு சிவப்பாக மாறும், அங்கேதான் செங்கல் தொடங்குகிறது. அந்த இடத்திலிருந்து இன்னும் 4, 5 செ.மீ. உள்ளே போக வேண்டும். எவ்வளவு போயும் சிவப்பே வரவில்லை என்றால் இரண்டு செங்கல்லுக்கு நடுவில் உள்ள கலவையில் இறங்கியிருக்கிறாய் என்று அர்த்தம். சில செ.மீ. மேலேயோ கீழேயோ நகர்த்திவிடு. துளைக்குள் தங்கும் பொடியை ஊதி எடுத்த பிறகு பிளக்கை அடி. பொடி இருந்தால் பிடிப்பு குறையும்.

பிராக்கெட்டை ஸ்பீக்கரின் எடைக்குச் சமமாக வாங்காதே. 11 கிலோவுக்குக் குறைந்தது 40, 50 கிலோ தாங்கும் என்று போட்டிருப்பதாக எடு. ஸ்பீக்கரின் பின்னால் சாவித்துளை வடிவத் துளையோ உலோக மரையோ கொடுத்திருக்கிறார்களா பார். மரை இருந்தால் அதற்கேற்ற போல்ட்டை மட்டும் போடு. எதுவுமே இல்லாத பெட்டியில் நீயாக ஸ்குரூ இறக்காதே. அந்த மாதிரிப் பெட்டிக்குச் சுவரில் ஒரு உறுதியான தட்டு அடித்து, அதன்மேல் வைத்து, முன்பக்கம் வழுக்காமல் ஒரு சின்னச் சட்டம் கொடுப்பதே நல்லது.

அப்புறம், சுவிட்ச் போர்டுக்கும் பிளக் பாயிண்டுக்கும் நேர் மேலேயும் நேர் கீழேயும் டிரில் வைக்காதே. வயர் பெரும்பாலும் அந்தக் கோட்டில்தான் ஓடும். ரசமட்டம் வைத்துக் கோடு போட்டுக்கொள். பிராக்கெட்டை மாட்டியதும், ஸ்பீக்கரை ஏற்றும் முன் இரண்டு கையாலும் அதைக் கீழே அழுத்தி இழுத்துப் பார். துளி அசைந்தாலும் கழற்று. கடைசியாக, ஸ்பீக்கரிலிருந்து சுவருக்கு ஒரு மெல்லிய இரும்புக் கம்பியைத் தனியாகக் கட்டிவிடு. பிராக்கெட் கைவிட்டாலும் கம்பி பிடித்துக்கொள்ளும்.

கேள்வி: எங்கள் வீட்டில் ஜிப்சம் போர்டு சுவர்.

வெறும் போர்டில் வேண்டாம். உள்ளே நிற்கும் சட்டத்தைத் தேடிப் பிடித்து அதில் ஸ்குரூ போடுங்கள். சட்டம் நடுவில் அமையவில்லை என்றால், இரண்டு சட்டங்களுக்குக் குறுக்காக ஒரு ப்ளைவுட் பலகை அடித்து, பலகையில் பிராக்கெட்டை மாட்டுங்கள்.

கேள்வி: என் சென்டருக்குப் பின்பக்கம் துளை இருக்கிறது. சுவரில் ஒட்டினாற்போல் மாட்டினால் கெட்டுப்போகுமா?

கெடாது, ஆனால் குரல் கனத்துப்போகும். சுவர் பக்கத்தில் இருந்தாலே தாழ்ந்த ஒலிகள் ஊதிப் பெருகும். துளையும் அடைபட்டால் இன்னும் குழம்பும். 10 செ.மீ.யாவது இடைவெளி கிடைக்குமா பாருங்கள். கிடைக்கவில்லை என்றால் துளைக்குள் பஞ்சு அடைத்துவிடுங்கள். சப்வூஃபர் (தாழ்ந்த ஒலிகளுக்கான தனிப் பெட்டி) இருக்கிறது, கிராஸ்ஓவர் (எந்த அளவுக்குக் கீழே உள்ள ஒலியைச் சப்வூஃபருக்கு அனுப்புவது என்ற எல்லை) 80 ஹெர்ட்ஸில் வைத்திருக்கிறீர்கள் என்றால் அதனால் பெரிதாக எதையும் இழக்க மாட்டீர்கள். ஆண்குரல் மட்டும் இன்னும் கும்மென்று இருந்தால் கிராஸ்ஓவரை 100க்கு ஏற்றிப் பாருங்கள்.

கேள்வி: நடுவில் உட்கார்ந்தால் பேச்சு அருமையாக இருக்கிறது. சோபாவின் ஓரத்தில் உட்காரும் என் மனைவி, "பாதி புரியவில்லை" என்கிறார். காதில் கோளாறா?

அவர் காது சரியாகத்தான் கேட்கிறது. உங்களுடையது நடுவில் ட்வீட்டர், இரு பக்கமும் வூஃபர் (தாழ்ந்த, நடுத்தர ஒலிகளைத் தரும் பெரிய வட்டம்) வைத்துப் படுக்கையாகச் செய்த பெட்டிதானே? அந்த வடிவத்திலேயே இந்தக் குறை இருக்கிறது. இரண்டு வூஃபருக்கும் நடுவில் 30 செ.மீ. இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 3 மீட்டர் தள்ளி, நடுவிலிருந்து ஒரு மீட்டருக்குச் சற்று அதிகமாக ஒதுங்கி உட்கார்ந்தால் ஏறத்தாழ 20 டிகிரி கோணம். அங்கே ஒரு வூஃபரின் ஒலி இன்னொன்றைவிட 10 செ.மீ. அதிகம் பயணம் செய்து வருகிறது. 1700 ஹெர்ட்ஸ் ஒலிக்கு 10 செ.மீ. என்பது அரை அலைநீளம். ஒன்றின் மேடு இன்னொன்றின் பள்ளத்தில் விழுந்து இரண்டும் அழிகின்றன. மெய்யெழுத்துகளைப் பிரித்தறிய நமக்குத் தேவைப்படும் பகுதியில் போய் ஒலி இப்படிக் குறைகிறது.

இடம் இருந்தால் பெட்டியை நிமிர்த்தி நிற்கவைத்துப் பாருங்கள், பக்கவாட்டுக் குறை போய்விடும். இடம் இல்லையென்றால், அடுத்தமுறை வாங்கும்போது ட்வீட்டரும் மிட்ரேஞ்சும் (நடுத்தர ஒலிகளுக்கான வட்டம்) ஒன்றன்மேல் ஒன்றாக நடுவில் அமைந்த மாடலைத் தேடுங்கள். இடம் வலம் ஸ்பீக்கர்களைப் போலவே மூன்றாவதாக ஒன்று கிடைத்தால் அதைவிட நல்லது எதுவும் இல்லை. அதுவரை வாரத்தில் பாதி நாள் நடு இடத்தை அவருக்குக் கொடுங்கள்.

கேள்வி: புரொஜெக்டர் திரைக்குப் பின்னால் வைக்கலாமா?

ஒலி ஊடுருவும் திரை என்றால் தாராளமாக. திரையரங்குகளில் செய்வதும் அதுதான். அங்கே முன்வரிசை மூன்று ஸ்பீக்கரையும் ஒரே உயரத்தில் நிற்கவைக்கலாம் என்பது பெரிய வரம். திரையை ஒட்டி வைக்காமல் 10, 15 செ.மீ. விடுங்கள், பின்னால் உள்ள சுவரையும் பெட்டிகளையும் கறுப்புத் துணியால் மூடுங்கள். இல்லாவிட்டால் வெளிச்சமான காட்சிகளில் பின்னாலிருப்பது தெரியும். சாதாரணத் திரைக்குப் பின்னால் வைத்தால் எல்லாம் போர்வைக்குள் பேசுவதுபோல் ஆகிவிடும்.

கேள்வி: இரண்டு ஸ்பீக்கரே நடுவில் பேசுவதுபோல் காட்டுகிறதே, சென்டர் எதற்கு?

நீங்கள் ஒருவர் மட்டும் நட்ட நடுவில் உட்கார்ந்து பார்ப்பவர் என்றால் அது போதும் என்று சொல்வதில் தவறில்லை. ஒதுங்கி உட்கார்ந்தால் குரல் பக்கத்து ஸ்பீக்கருக்கு ஓடிவிடும். நடுவிலேயே உட்கார்ந்தாலும், ஒவ்வொரு காதுக்கும் இரண்டு ஸ்பீக்கரின் ஒலியும் சிறு கால வித்தியாசத்தில் வருவதால் 2000 ஹெர்ட்ஸை ஒட்டி ஒலி குறைந்துபோகும்.

1933ல் அமெரிக்காவில் பெல் ஆய்வகம் பிலடெல்பியாவில் வாசித்த இசைக்குழுவை வாஷிங்டன் அரங்கில் ஒலிக்கச் செய்தபோதே இடம், நடு, வலம் என மூன்று தடங்களைத்தான் பயன்படுத்தினார்கள். இசைத்தட்டு இரண்டோடு நின்றுவிட்டது. சினிமா நடுவை விடவில்லை. வீட்டுக்கு அது பரவலாக வந்தது 1987ல் டால்பி புரோ லாஜிக் என்ற ஒலி பிரிக்கும் முறை வந்த பிறகுதான்.

கேள்வி: ஸ்பீக்கர் காந்தம் எல்இடி டிவியைக் கெடுக்குமா?

கெடுக்காது. அந்தப் பயம் பழைய பிக்சர் டியூப் டிவியோடு போய்விட்டது.

கேள்வி: மாட்டி முடித்தாயிற்று. ரிசீவரில் (ஸ்பீக்கர்களை இயக்கும் பெட்டி) என்ன செய்ய வேண்டும்?

முதலில் வயரில் சிவப்பு, கறுப்பு மாறாமல் இருக்கிறதா பாருங்கள். மாறினால் குரல் மெலிந்து, இடம் தெரியாமல் அலையும். சாய்வை மாற்றினாலும் இடத்தை மாற்றினாலும் ரிசீவர் மைக் வைத்துச் செய்யும் தானியங்கி அளவீட்டை மறுபடி ஓட்டுங்கள். மைக்கைச் சோபா மெத்தையில் வைக்காதீர்கள். முக்காலியில் காது உயரத்தில் வையுங்கள், அறையில் யாரும் பேச வேண்டாம். ரிசீவர் காட்டும் ஸ்பீக்கர் தூரம் சரியாக வந்திருக்கிறதா என்று அளவு டேப்பால் சரிபாருங்கள். ஒலி 34 செ.மீ. கடக்க ஒரு மில்லிசெகண்ட் ஆகும். எல்லாம் சரியாக இருந்தும் பேச்சு சன்னமாகப் பட்டால் சென்டரை மட்டும் 2 டெசிபெல் ஏற்றிக்கொள்ளுங்கள். அதில் ஒரு பாவமும் இல்லை.

கேள்வி: சில குரல்களுக்கு மட்டும் 'ஸ்ஸ்ர்ர்' என்று அதிர்கிறது. ஸ்பீக்கர் போய்விட்டதா?

அந்தக் காட்சியை மறுபடி ஓட்டிவிட்டு, தட்டின் மேல் இருக்கும் ஒவ்வொரு பொருளையும் விரலால் மெல்ல அழுத்துங்கள். கண்ணாடிக் கதவு, செட்டாப் பாக்ஸ், ரிமோட், பிராக்கெட்டின் தளர்ந்த நட்டு, எதை அழுத்தும்போது சத்தம் நிற்கிறதோ அதுதான் காரணம். அதற்கடியில் சின்ன ரப்பர் துண்டு வையுங்கள், நட்டாக இருந்தால் இறுக்குங்கள். எதை அழுத்தியும் நிற்கவில்லை என்றால் ஸ்பீக்கரின் முன்வலையைக் கழற்றி விட்டுக் கேட்டுப் பாருங்கள். பாதி நேரம் அதன் பிளாஸ்டிக் ஊசிதான் ஆடிக்கொண்டிருக்கும்.