ஸ்டீயரிங் பாக்ஸை நானே மாற்றலாமா?

கேள்வி: என்னுடைய பழைய ஃபோர் வீல் டிரைவ் டிரக்கின் பவர் ஸ்டீயரிங் பாக்ஸில் (ஸ்டீயரிங்கின் சுழற்சியைச் சக்கரங்களைத் திருப்பும் அசைவாக மாற்றும் பெட்டி) எண்ணெய் கசிகிறது, ஸ்டீயரிங்கிலும் ஆட்டம் (சக்கரம் திரும்பாமலேயே ஸ்டீயரிங் அசைவது) கூடியிருக்கிறது. புதிய பாக்ஸை நானே பொருத்தலாமா?

பதில்: பொருத்தலாம், ஆனால் ஆட்டத்திற்குக் காரணம் பாக்ஸ் மட்டும்தானா என்பதை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். ஒருவர் ஸ்டீயரிங்கை இருபுறமும் சிறிது அசைக்கும்போது, டை ராடு (முன்சக்கரங்களைத் திருப்பும் இணைப்புத் தண்டு) முனைகளையும், பாக்ஸைச் சேஸிஸுடன் (வண்டியின் அடிச்சட்டம்) பிணைக்கும் போல்ட்டுகளையும் கவனியுங்கள். பெரிய டயர் பூட்டிய டிரக்குகளில் அவ்விடத்தில் சேஸிஸே விரிசல் விட்டிருப்பதுண்டு, அதைச் சரிசெய்யாமல் புதிய பாக்ஸைப் பொருத்துவது வீண் செலவு என்பேன்.

பாக்ஸின் அசைவைச் சக்கர இணைப்புகளுக்குக் கடத்தும் கையான பிட்மேன் ஆர்மைச் சுத்தியலால் அடிக்காமல், அதற்குரிய புல்லரைக் (இழுத்துக் கழற்றும் கருவி) கொண்டு கழற்றுங்கள். புதிய பாக்ஸின் மேல்தண்டை (ஸ்டீயரிங்கோடு இணையும் தண்டு) ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை சுற்றி, எத்தனை சுற்று என்று எண்ணி, அதன் சரிபாதியில் நிறுத்தி, முன்சக்கரங்கள் நேராக இருக்கும் நிலையில் இணைப்பதே இந்த வேலையின் உயிர்நாடி; இது பிசகினால் வண்டி ஒரு பக்கம் குறைவாகத் திரும்பும்.

பழைய எண்ணெயை முழுவதும் வடித்துப் புதியதை ஊற்றி, முன்சக்கரங்களைத் தாங்கிகளின் மேல் உயர்த்தி, இன்ஜினை இயக்காமலேயே ஸ்டீயரிங்கை இருபுறமும் மெதுவாகப் பலமுறை திருப்புங்கள். குறையும் எண்ணெயை நிரப்பி, உள்ளே சிக்கிய காற்று குமிழிகளாக வெளியேறுவது நின்ற பிறகே இன்ஜினை இயக்குங்கள்.