அமெரிக்கா சரிந்தது, ஜப்பான் நிமிர்ந்தது என்று எழுதிவிடலாமா?

கேள்வி: முதுகலைப் பொருளியல் படிக்கிறேன். அமெரிக்கா, ஜப்பான் இரண்டின் தொழிலாளர் பங்கேற்பு விகிதத்தை ஒப்பிட்டுக் கட்டுரை எழுதுகிறேன். 2000-ல் அமெரிக்காவில் 67 சதவீதம், ஜப்பானில் 62. 2023-ல் இரண்டுமே 63-ஐ ஒட்டி நிற்கின்றன. அமெரிக்கர்களுக்கு உழைப்பில் நாட்டம் குறைந்துவிட்டது என்று எழுதலாமா?

பதில்: வேண்டாம். எண்கள் சரி, முடிவுதான் அவசரம்.

வேலையில் இருப்போரும் வேலை தேடுவோரும் மக்கள்தொகையில் எத்தனை சதவீதம் என்பதே இந்த விகிதம். இதைக் கணக்கிடும்போது அமெரிக்காவில் 16, ஜப்பானில் 15 வயதை எட்டிய ஏறத்தாழ எல்லாரும் மக்கள்தொகையில் சேர்கிறார்கள். மேல்வரம்பு கிடையாது, எண்பது வயது மூதாட்டியும் கணக்கில் உண்டு. இதன் விளைவை ஒரு கற்பனைக் கணக்கில் பாருங்கள். இரு நாடுகளிலும் 65 வயதுக்கு உட்பட்டோரில் 80 சதவீதம், மேற்பட்டோரில் 20 சதவீதம் வேலைச் சந்தையில் இருக்கிறார்கள். முதல் நாட்டில் முதியோர் ஐந்தில் ஒரு பங்கு என்றால் மொத்த விகிதம் 68. இரண்டாவது நாட்டில் முதியோர் 35 சதவீதம் என்றால் 59. ஒருவருடைய நடத்தையும் மாறவில்லை, ஆனால் ஒன்பது புள்ளி இடைவெளி வந்துவிட்டது.

ஆகவே 25 முதல் 54 வயது வரையுள்ளவர்களைத் தனியே பிரித்துப் பாருங்கள். அமெரிக்காவில் இந்த வயதினரின் விகிதம் 2000-ல் 84 சதவீதம். 2023-ல் 83-க்குச் சற்று மேல். சரிவு என்று சொல்லவே கூச்சமாக இருக்கிறது. மொத்த விகிதத்தைக் கீழே இழுத்தவர்களில் முதன்மையானவர்கள் ஓய்வு வயதை எட்டிய பெருந்தலைமுறையினர், அதாவது இரண்டாம் உலகப்போருக்குப் பின் பிறப்புகள் பெருகிய ஆண்டுகளில் பிறந்தவர்கள். பதின்வயதினரும் விலகினார்கள்: 16 முதல் 19 வயதினரின் விகிதம் 52-லிருந்து 37-க்கு இறங்கியது. இதில் படிப்புக்குப் பெரிய பங்குண்டு.

ஜப்பானின் கதைதான் சுவையானது. முதியோர் பெருகப் பெருக அங்கே விகிதம் சரிந்திருக்க வேண்டும். 2012 வரை சரியவும் செய்தது, ஏறத்தாழ 59 சதவீதம் வரை. பிறகு ஏறியது. முன்பெல்லாம் அங்கே திருமணம், குழந்தைப்பேறு காலத்தில் பெண்கள் வேலையை விட்டு, பிள்ளைகள் வளர்ந்தபின் திரும்புவார்கள். வயதுவாரியாக வரைந்தால் ஆங்கில எம் எழுத்துபோல வளைவு வரும். அந்த நடுப்பள்ளம் இப்போது பெருமளவு தூர்ந்துவிட்டது. 25–54 வயதுப் பெண்களின் விகிதத்தில் 2000-ல் அமெரிக்காவைவிட வெகுவாகப் பின்தங்கியிருந்த ஜப்பான், இன்று 80 சதவீதத்தைத் தாண்டி அமெரிக்காவை முந்திவிட்டது. முதியோரிலும் நான்கில் ஒருவர் வேலை செய்கிறார். 65 வயது வரை பணிவாய்ப்பு தரும்படி நிறுவனங்களைச் சட்டம் கட்டாயப்படுத்தியது அதற்கு ஒரு காரணம். ஆனால் வேலைக்கு வந்த ஜப்பானியப் பெண்களில் கணிசமானோர் பகுதிநேரப் பணியாளர்கள். பங்கேற்பு விகிதம் தலைகளை எண்ணும், மணிநேரத்தை எண்ணாது. வேலைநேரத் தரவையும் பக்கத்தில் வைக்காமல் இதைச் சாதனை என்று எழுதாதீர்கள்.

மொத்த விகிதத்தையே காட்டித் தீர வேண்டும் என்றால், அமெரிக்காவின் 2000-ஆம் ஆண்டு வயதுப் பங்கீட்டை (ஒவ்வொரு வயதுப் பிரிவினரும் மக்கள்தொகையில் எத்தனை பங்கு என்பதை) இரு நாடுகளுக்கும் எல்லா ஆண்டுகளுக்கும் எடையாகப் பயன்படுத்திக் கணக்கிடுங்கள். அப்போது முதியோர் பெருகியதன் விளைவு நீங்கிவிடும். ஐந்தாண்டு வயதுப் பிரிவுகள் போதும். ஒரு மாலை வேலை.

வரையறையிலும் கண் வையுங்கள். குடும்பக் கடையில் சம்பளமின்றி வாரம் பத்து மணி நேரம் உதவும் மருமகள் ஜப்பானியக் கணக்கெடுப்பில் உழைப்பாளர். அமெரிக்காவில் பதினைந்து மணி நேரமாவது உதவினால்தான் அந்தத் தகுதி. இராணுவத்தினரும் சிறையில் இருப்போரும் அமெரிக்க விகிதத்தில் சேருவதில்லை. இவை பெரிய வேறுபாடுகள் அல்ல, ஆனால் அரைப் புள்ளி இடைவெளியை வைத்து வாதம் கட்டினால் காலை வாரிவிடும். 1994 ஜனவரியில் அமெரிக்கா இந்தக் கணக்கெடுப்பின் கேள்வித்தாளையே மாற்றியது. அதற்கு முன்னுள்ள ஆண்டுகளையும் சேர்த்து வரைந்தால் அந்த இடத்தில் ஒரு கோடு போட்டுக் காட்டுங்கள்.

தொடக்க ஆண்டையும் யோசியுங்கள். 2000 அமெரிக்காவின் உச்சம். அங்கிருந்து புறப்பட்டால் எந்தக் கோடும் இறக்கமாகத்தான் தெரியும். 1990-லிருந்து ஒருமுறை வரைந்து பாருங்கள். 2020-ஐ மட்டும் முடிவாண்டாக வைக்காதீர்கள். அந்த ஏப்ரலில் அமெரிக்க விகிதம் 60 சதவீதத்தை ஒட்டி விழுந்தது கொரோனாவால்.