மகள் எழுதும் பத்து வரி நிரல் வீண்வேலை இல்லை

வணக்கம் ஐயா. உங்கள் கடிதம் படித்தேன். மகள் பள்ளிப் படிப்பை முடிக்கப் போகிறாள். ஏஐ என்று பெயர் போட்ட பட்டப்படிப்பில்தான் சேர்க்க வேண்டும் என்று பெரியப்பாவும் சித்தப்பாவும் ஒற்றைக்காலில் நிற்கிறார்கள். அதற்காக வீட்டின் பேரில் கடன் வாங்க யோசிக்கிறீர்கள். அவளோ தோழிகளுக்குக் குட்டிக் குட்டி நிரல்கள் எழுதி விளக்கிக்கொண்டே இருக்கிறாள், இதை எப்படி நிறுத்துவது என்று கேட்கிறீர்கள். உங்கள் பதற்றம் புரிகிறது. ஆனால் அதை நிறுத்தவே வேண்டாம். நிறுத்த வேண்டியது கடன் யோசனையைத்தான்.

அந்தப் படிப்பின் பாடத்திட்டத்தை வாங்கி, சாதாரண கணினி அறிவியல் பாடத்திட்டத்தோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கணிதம், தரவுக் கட்டமைப்பு, இயங்குதளம், தரவுத்தளம் என்று அடிப்படைப் பாடங்கள் பெரும்பாலும் இரண்டிலும் ஒன்றாகவே இருக்கும். பெயரில் இருக்கும் இரண்டு எழுத்துக்காக வீட்டை அடகு வைப்பதை நான் ஒருபோதும் ஒப்புக்கொள்ள மாட்டேன். கையில் இருக்கும் பணத்துக்குள் அடங்கும் கல்லூரியில் கணினி அறிவியல் படிக்கட்டும். அதன் பிறகு மென்பொருள் நிறுவனம், தரவு ஆய்வு என்று போகும் வழிகளை உறவினர்களே சொல்லியிருப்பார்கள். அவர்கள் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன்.

டெவலப்பர்களுக்கான டாக்குமென்டேஷன், அதாவது ஒரு மென்பொருளை நிரலாளர்கள் எப்படிப் பயன்படுத்துவது என்று விளக்கும் ஆவணம், எழுதுவது ஒரு முழுநேர வேலை. டெக்னிக்கல் ரைட்டர், டாக்குமென்டேஷன் இன்ஜினியர் என்று அதற்குப் பதவிகள் உண்டு. ஒரு நிறுவனம் ஏபிஐ, அதாவது தன் சேவையை மற்றவர்களின் நிரல் அழைத்துப் பயன்படுத்தும் வழி, விற்கிறது என்றால், வாங்குகிறவர் முதலில் தேடுவது நீண்ட விளக்கத்தை அல்ல, நகலெடுத்து ஓட்டிப் பார்க்க ஒரு சின்ன எடுத்துக்காட்டை. அது பைதானில் வேண்டும், ஜாவாஸ்கிரிப்ட்டில் வேண்டும், கோ மொழியில் வேண்டும், கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் டெர்மினல் திரையில், இணைய முகவரிக்குக் கோரிக்கை அனுப்பும் கர்ல் கட்டளையாகவும் வேண்டும். அத்தனையும் ஓட வேண்டும்.

பத்து வரிதானே என்று நினைக்காதீர்கள். பைதானில் ஒரு கோப்பைத் திறக்கும் எடுத்துக்காட்டை எடுத்துக்கொள்வோம். எழுத்துகளைக் கணினி எந்த முறையில் சேமிக்கிறது என்பதைச் சொல்லும் என்கோடிங்கை யூடிஎஃப்-8 என்று அதில் எழுதாமல் விட்டால், லினக்ஸில் சரியாக வந்த தமிழ் எழுத்து பல விண்டோஸ் கணினிகளில் சிதைந்து வரும். டெர்மினலில் கோப்பின் உரையை மாற்றும் செட் (sed) கட்டளையில், கோப்பை அதே இடத்தில் திருத்தும் '-i' என்ற தேர்வு லினக்ஸில் தனியாக நிற்கும். மேக் கணினியிலோ அதற்குப் பக்கத்தில் இன்னொரு மதிப்பு கொடுத்தாக வேண்டும், வெற்று மேற்கோள் குறியாக இருந்தாலும். இதையெல்லாம் முன்கூட்டியே யோசித்து எழுதுகிறவருக்கு நிரலும் தெரிந்திருக்க வேண்டும், படிக்கிறவர் எந்த இடத்தில் தடுமாறுவார் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். இரண்டும் ஒருவரிடம் சேர்ந்திருப்பது அபூர்வம். உங்கள் மகளிடம் அந்த நாட்டம் தானாகவே வந்திருக்கிறது.

எடுத்துக்காட்டுகளைச் சோதிக்க மொழிகளே வழி வைத்திருக்கின்றன. பைதானில் டாக்டெஸ்ட் என்ற தொகுதி, விளக்கத்துக்குள் இருக்கும் எடுத்துக்காட்டை ஓட்டி, எழுதிய விடையும் வந்த விடையும் ஒன்றா என்று பார்க்கும். ரஸ்ட் மொழியில் ஒரு லைப்ரரியின் (மற்ற நிரல்கள் எடுத்துப் பயன்படுத்தும் நிரல் தொகுப்பின்) விளக்கக் குறிப்புகளில் இருக்கும் நிரலை 'கார்கோ டெஸ்ட்' என்ற கட்டளை ஓட்டிவிடும். கோ மொழியில் 'எக்ஸாம்பிள்' என்று பெயர் தொடங்கும் ஃபங்ஷனின் (பெயரிட்ட நிரல் துண்டின்) முடிவில் 'அவுட்புட்' என்று விடையைக் குறித்தால் அது சோதனையாகவும் ஓடும், ஆவணத்திலும் காட்சி தரும். இந்த மூன்றையும் அவள் பழகட்டும். கூடவே நிரலில் செய்யும் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட், எளிய குறிகளால் ஆவணத்தை வடிவமைக்கும் மார்க்டவுன். எல்லாமே இலவசம். இதற்கென்று பணம் கட்டிச் சேரும் வகுப்பு எதுவும் வேண்டாம், யார் சிபாரிசு செய்தாலும் சரி.

பழகியதைக் காட்ட இடமும் இருக்கிறது. டிஎல்டிஆர் பேஜஸ் என்ற திறந்த மூலத் திட்டம், டெர்மினல் கட்டளைகளுக்குச் சுருக்கமான பக்கங்கள் வைத்திருக்கிறது. ஒரு பக்கத்தில் அதிகபட்சம் 8 எடுத்துக்காட்டுகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி விளக்கம். தமிழிலும் பக்கங்கள் உண்டு. யார் வேண்டுமானாலும் எழுதி அனுப்பலாம், மற்றவர்கள் படித்துத் திருத்தம் சொல்வார்கள். வலை நிரலாக்கத்துக்கான எம்டிஎன் ஆவணங்களும் இப்படி வெளியாரின் பங்களிப்பை ஏற்கின்றன. அங்கே ஏற்கப்பட்ட பக்கங்களை வேலை கேட்கும்போது அப்படியே காட்டலாம்.

இதெல்லாம் ஏஐ எழுதிவிடாதா என்று பெரியப்பா கேட்பார். எழுதும். இல்லாத ஃபங்ஷனை இருப்பதாகவும் எழுதும், புதிய பதிப்பில் நீக்கிவிட்டதையும் எழுதும். அதை ஓட்டிப் பார்த்துத் தவறைப் பிடிக்க ஆள் வேண்டும். ஒன்றை மறைக்கவும் மாட்டேன்: இந்த வேலைகள் மென்பொருள் உருவாக்கும் வேலைகளைவிட எண்ணிக்கையில் குறைவு, மொழிவளத்தை மட்டும் நம்பி உள்ளே நுழைவது கடினம். கணினி அறிவியலை விட்டுவிடாதே என்று அவளிடம் சொல்லச் சொல்வது அதனால்தான். இந்த வழி அமையாவிட்டாலும் அந்தப் பட்டம் கையில் இருக்கும், தலையில் கடன் இருக்காது.

உங்கள் கடிதத்தில் பெரியப்பா சொன்னது இருக்கிறது, சித்தப்பா சொன்னது இருக்கிறது. மகள் என்ன சொன்னாள் என்று ஒரு வரிகூட இல்லை. கடன் படிவத்தை ஒதுக்கி வைத்துவிட்டு அவளிடம் கேளுங்கள். அப்புறம் அவளை அழைத்துக்கொண்டு வாருங்கள். தோழிகளுக்கு எழுதிக் கொடுத்ததில் நல்லது என்று அவளே நினைக்கும் மூன்றை எடுத்து வரட்டும். உட்கார்ந்து ஓட்டிப் பார்த்துப் பேசுவோம்.