பிரேக் லைட் சரியில்லை என்று நீங்களே எழுதி வைத்திருக்கிறீர்கள்

கோயம்புத்தூரிலிருந்து ஒரு வாசகர் சட்ட ஆலோசனை கேட்டு எட்டுப் பக்கம் எழுதியிருக்கிறார். சுருக்கமாகத் தருகிறேன்.

"அப்பா எனக்கு விட்டுப்போனது ஒரு 1966 எம்ஜிபி ரோட்ஸ்டர், இங்கிலாந்தில் செய்த திறந்த கார். பின்னால் வருபவர்களுக்கு நன்றாகத் தெரியட்டும் என்று பழைய லூகாஸ் டெயில் லைட்டை எல்இடி ஆக்க ஆசைப்பட்டேன். ரெஸ்டோரேஷன் செய்யும் ஒரு பட்டறையில் 1,35,000 ரூபாய் கொடுத்தேன். உள்ளே இருந்த ரிஃப்ளெக்டரை வெட்டி எறிந்துவிட்டு, அவர்களே செய்த எல்இடி போர்டை ஒட்டினார்கள். பாசிட்டிவ் எர்த் வண்டியை (பேட்டரியின் பாசிட்டிவ் முனை பாடியோடு இணைந்தது) என்னைக் கேட்காமல் நெகட்டிவ் எர்த் ஆக்கியதில் அப்பாவின் ரேடியோ எரிந்துபோனது. கழற்றிய ஒரிஜினல் பாகங்களைக் கேட்டால் காயலான் கடைக்குப் போட்டுவிட்டோம் என்கிறார்கள். போன் எடுப்பதில்லை. என் வண்டியை வைத்து ரீல்ஸ் மட்டும் போடுகிறார்கள். பிரேக் அடித்தாலும் அடிக்காவிட்டாலும் ஒரே வெளிச்சம்தான் என்று பிப்ரவரி 9ஆம் தேதியே வாட்ஸ்அப் அனுப்பினேன், பதில் இல்லை. மார்ச் 2ஆம் தேதி மாலை 6.40 மணிக்கு மேட்டுப்பாளையம் சாலையில் பின்னால் வந்த பைக் மோதி, ஓட்டி வந்த பையனுக்குக் கால் எலும்பு முறிந்தது. பிரேக் லைட்டே தெரியவில்லை என்கிறான். மனிதாபிமானத்தில் ஆஸ்பத்திரிக்கு 25,000 கொடுத்தேன். அந்தப் பட்டறைமேல் மோசடிப் புகாரும், மன உளைச்சலுக்கு 10 லட்சம் கேட்டு நுகர்வோர் வழக்கும் போடலாமா? வாட்ஸ்அப் ஆதாரம் பக்காவாக இருக்கிறது."

அந்த வாட்ஸ்அப் பக்காவான ஆதாரம்தான். ஆனால் உங்களுக்கு எதிரான ஆதாரம்.

அப்பாவின் ஞாபகம், ரீல்ஸ், எடுக்காத போன், மரியாதையில்லாத பேச்சு எல்லாவற்றையும் ஓரமாக வைத்துவிடுவோம். ஒரிஜினல் பாகங்கள் போனதைத் திரும்பக் கிடைக்காத இழப்பு என்று மூன்று பக்கம் எழுதியிருக்கிறீர்கள். எம்ஜிபி 1962 முதல் 1980 வரை ஐந்து லட்சத்துக்கும் மேல் செய்யப்பட்ட வண்டி. அதன் டெயில் லைட்டை லென்ஸோடு முழு செட்டாக இங்கிலாந்தில் இன்றைக்கும் புதிதாகச் செய்து விற்கிறார்கள். எதிர்த்தரப்பு வக்கீல் அந்த விலைப்பட்டியலை நுகர்வோர் ஆணையத்தில் நீட்டினால் உங்கள் 10 லட்சம் அங்கேயே படுத்துவிடும்.

மோசடிப் புகாரை மறந்துவிடுங்கள். இன்றைய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 318ஆம் பிரிவில் மாட்ட வேண்டுமென்றால், பணம் வாங்கும்போதே ஏமாற்றும் எண்ணம் இருந்திருக்க வேண்டும். பட்டறைக்காரர் வேலையைச் செய்திருக்கிறார், மோசமாகச் செய்திருக்கிறார். ஸ்டேஷனில் "சிவில் மேட்டர் சார்" என்று அனுப்பிவிடுவார்கள். இந்த ஒரு விஷயத்தில் அவர்கள் சொல்வது சரி.

சரி, விஷயத்துக்கு வருவோம். சட்டத்தின் கண்ணில் உங்கள் எட்டுப் பக்கத்தில் முக்கியமானவை இரண்டு தேதிகள் மட்டும்தான்: பிப்ரவரி 9, மார்ச் 2. பிரேக் லைட் வித்தியாசம் தெரியவில்லை என்பது 9ஆம் தேதியே உங்களுக்குத் தெரியும். தெரிந்தே 21 நாள் வண்டியை வெளியே எடுத்திருக்கிறீர்கள். மோட்டார் வாகனச் சட்டம் 190(1) இதற்கென்றே எழுதியதுபோல் இருக்கிறது: ஆபத்தை உண்டாக்கக்கூடிய கோளாறு இருப்பது தெரிந்தும், அல்லது சாதாரணக் கவனத்தில் தெரிந்திருக்கக்கூடிய நிலையிலும், வண்டியைப் பொது இடத்தில் ஓட்டுவது குற்றம். அதனால் விபத்து நடந்து காயம் பட்டால் 3 மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் அபராதம் அல்லது இரண்டும். தெரியும் என்பதை நிரூபிப்பதுதான் போலீஸுக்கு எப்போதும் கஷ்டம். நீங்கள் அதைத் தேதியும் நேரமும் போட்டு, இரண்டு நீல டிக்கோடு தயார் செய்து வைத்திருக்கிறீர்கள்.

தண்டனையைவிடப் பெரிய கவலை, இதே விஷயத்தை இரண்டு நீதிமன்றத்தில் இரண்டு விதமாகப் பேசும் நிலை வரும் என்பது. அந்தப் பையன் எம்.சி.ஓ.பி., அதாவது விபத்து நஷ்ட ஈட்டு மனு, போடுவான். ஆறு மாதக் கெடு என்று சட்டத்தில் எழுதியிருப்பதை நம்பி, இனி வராது என்று உட்கார்ந்துவிடாதீர்கள். அந்த மனுவுக்கு உங்களிடம் நல்ல பதில் இருக்கிறது. முன்னால் போகிற வண்டி திடீரென்று நின்றாலும் மோதாத அளவு இடைவெளி விட்டு வர வேண்டியது பின்னால் வருபவரின் கடமை. பின்னால் வந்து மோதிய வழக்குகளில் உச்ச நீதிமன்றமே இதை அழுத்திச் சொல்லியிருக்கிறது, 2018இல் நிஷான் சிங் வழக்கு ஓர் உதாரணம். அஜாக்கிரதையில் பெரும்பங்கு அந்தப் பையன் தலையில் விழ வாய்ப்பு அதிகம். ஆனால் அதே நேரத்தில் நுகர்வோர் ஆணையத்தில் உட்கார்ந்து "இந்த பிரேக் லைட் கண்ணுக்கே தெரியாது, இதனால்தான் விபத்து" என்று பிரமாணப் பத்திரம் போட்டீர்களானால், இந்தப் பதிலை நீங்களே கொன்றுவிட்டீர்கள்.

இது என் கற்பனைப் பயம் இல்லை. பழைய ஃபியட் வைத்திருந்த ஒரு கட்சிக்காரர், வேறு வக்கீல் மூலம் பட்டறைமேல் வழக்குப் போட்ட பிறகு என்னிடம் வந்தார். பிரேக் வேலை சரியில்லை என்று தான் அனுப்பிய ஏழு மின்னஞ்சல்களையும் வரிசையாக ஆவணமாகத் தாக்கல் செய்திருந்தார். அடிபட்டவரின் வக்கீல் சத்தமில்லாமல் அவற்றுக்குச் சான்றிட்ட நகல் வாங்கி எம்.சி.ஓ.பி.யில் தாக்கல் செய்துவிட்டார். குறுக்கு விசாரணையில் ஒரே கேள்விதான்: "இவை நீங்கள் அனுப்பியவைதானே?" நுகர்வோர் வழக்கில் 60,000 ரூபாய்க்கு ஜெயித்தார். அந்தப் பணம் கைக்கு வருவதற்குள் எம்.சி.ஓ.பி.யில் போனதன் கணக்கைச் சொன்னால் உங்களுக்குத் தூக்கம் வராது.

அதற்காக வாட்ஸ்அப்பை அழித்துவிடலாமா என்று யோசிக்க வேண்டாம். அந்தச் செய்தி பட்டறைக்காரர் போனிலும் இருக்கிறது. அழித்தது தெரிந்தால் அதற்குத் தனியாக வழக்கு. எம்.சி.ஓ.பி. பதிலுரையில் லைட் பிரமாதமாக எரிந்தது என்று பொய் எழுதவும் நான் சொல்லவில்லை. கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள். கேட்பதற்கு முன்னால், 10 லட்சம் ஆசையில், நீங்களே ஒரு வழக்கைப் போட்டு அறிவிக்காதீர்கள் என்றுதான் சொல்கிறேன்.

நீங்கள் அனுப்பிய பில்லைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கீழே பொடி எழுத்தில், "ஷோ பயன்பாட்டுக்கு மட்டும், சாலையில் ஓட்டுவதற்கு அல்ல" என்று இருக்கிறது. அதன் மேலேயே உங்கள் கையெழுத்து. கவனிக்கவில்லை என்பீர்கள். எல்லாரும் அதைத்தான் சொல்கிறார்கள். மாவட்ட ஆணையத்தில் பட்டறையின் முதல் வாதம் இதுதான்: கேட்டது வாடிக்கையாளர், சாலையில் ஓட்டக் கூடாது என்று எழுதிக் கொடுத்தோம், மீறி ஓட்டியவர் அவர். இரண்டாவது வாதம், சட்டம் தடுக்கும் ஒரு மாற்றத்தைச் செய்யச் சொன்னவர் அது சரியாக அமையவில்லை என்று நஷ்ட ஈடு கேட்க முடியாது என்பது.

அது சட்ட விரோதமான மாற்றம்தானா? இதில் கொஞ்சம் வழவழப்பு உண்டு. மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52 பேசுவது ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் சொன்னதிலிருந்து மாறக் கூடாது என்பதை. 2019 ஜனவரியில் ஜெயச்சந்திரா வழக்கில் உச்ச நீதிமன்றம் அதைக் கறாராகவே படித்தது. ஆர்.சி.யில் டெயில் லைட்டுக்குக் கட்டமே இல்லையே என்று நான் வாதாடலாம். ஆனால் அதே சட்டத்தின் 182ஏ(4), உதிரிபாகம் மாட்டுவதையும் சேர்த்தே அனுமதியில்லாத மாற்றம் என்கிறது, மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அல்லது 6 மாதம் வரை சிறை அல்லது இரண்டும். அதுவும் உங்கள் போர்டு பட்டறை மேஜையில் சால்டரிங் அயர்ன் வைத்துச் செய்தது. வட்டத்துக்குள் E எழுத்து போட்ட வெளிநாட்டு ஒப்புதல் முத்திரையும் இல்லை, இந்திய ஒப்புதலும் இல்லை. பழைய விளக்கில் ஒரே பல்புக்குள் இரண்டு இழை: 5 வாட் டெயிலுக்கு, 21 வாட் பிரேக்குக்கு. அந்தப் பெரிய வெளிச்ச வித்தியாசத்தைப் பார்த்துத்தான் பின்னால் வருபவன் பிரேக் என்று புரிந்துகொள்கிறான். உங்களுடையதில் டெயிலையே பளிச்சென்று எரியவிட்டுவிட்டார்கள், பிரேக் அடித்தால் கூடுவதற்கு மிச்சம் எதுவும் இல்லை. வெளிச்சம் அதிகமானால் பாதுகாப்பு அதிகம் என்று நினைத்துப் பணம் கொடுத்தீர்கள். எல்இடி மாற்றுகிற முக்கால்வாசிப் பேர் இப்படித்தான் நினைக்கிறார்கள்.

கடிதத்தில் நீங்கள் சொல்லாமல் விட்ட ஒன்று இருக்கிறது. ஆர்.சி. சாதாரணப் பதிவிலா, அல்லது வின்டேஜ் பதிவிலா? 2021 விதிகளின்படி 20,000 ரூபாய் கட்டி வின்டேஜ் பதிவு வாங்கியிருந்தால், அந்த வண்டியைக் கண்காட்சி, பேரணி, பெட்ரோல் போடுவது, பழுது பார்ப்பது போன்றவற்றுக்குத்தான் எடுக்கலாம். ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு மேட்டுப்பாளையம் பிரியாணிக்கு அதில் இடமில்லை. வின்டேஜ் பதிவு என்றால் இன்சூரன்ஸ் கம்பெனி பிரேக் லைட்டைவிட இதைத்தான் முதலில் பிடிக்கும். அடிபட்டவனுக்குக் கொடுத்துவிட்டு உங்களிடம் வசூலிக்க உத்தரவு கேட்பார்கள். கிடைக்குமா கிடைக்காதா என்பது பாலிசியைப் பார்த்துத்தான் சொல்ல முடியும், ஆனால் கேட்பார்கள்.

இன்சூரன்ஸுக்கு விபத்தைப் பற்றி எழுத்தில் தெரிவித்தீர்களா? அதையும் காணோம். இல்லையென்றால் இன்றே தெரிவியுங்கள். கொடுத்த 25,000 கொடுத்ததாகவே இருக்கட்டும், நல்ல காரியம். ஆனால் இனி ஒரு ரூபாய் கொடுப்பதானாலும், "தப்பு என்னுடையதுதான்" என்று ஒரு வரி அனுப்புவதானாலும், கம்பெனியின் எழுத்து அனுமதி இல்லாமல் வேண்டாம். அது பாலிசி நிபந்தனையிலேயே இருக்கிறது. அப்புறம், பிரேக் இன்ஸ்பெக்டர் (மோட்டார் வாகன ஆய்வாளர்) வண்டியைப் பார்த்துக் கொடுத்த அறிக்கையின் நகலை வாங்குங்கள். "விபத்து இயந்திரக் கோளாறால் ஏற்பட்டதல்ல" என்ற வழக்கமான வரி அதில் இருந்தால் உங்களுக்கு அது தங்கம். விளக்கைப் பற்றி அவர் தனியாக ஏதாவது எழுதியிருந்தால் நான் இதுவரை சொன்னதெல்லாம் இரண்டு மடங்கு.

பட்டறையை என்ன செய்வது? ராஜியாகப் போங்கள். உங்களுக்குக் கோபம் வரும், தெரியும். ஆனால் இந்தக் கதையில் ஆபத்தில்லாத புகார் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது, அதை நீங்கள் அரை வரியில் தாண்டிவிட்டீர்கள்: கேட்காமல் எர்த்தை மாற்றி ரேடியோவை எரித்தது. அதற்கும் பிரேக் லைட்டுக்கும் விபத்துக்கும் சம்பந்தமே இல்லை. அதை முன்னால் வைத்துப் பேசுங்கள். ரேடியோ, ஒயரிங்கைப் பழையபடி செய்யும் செலவு, பில்லில் பாதி. 90,000 வந்தால் வாங்கிக்கொள்ளுங்கள். 70,000 என்றாலும் நான் கையெழுத்துப் போடச் சொல்வேன். அவருக்கும் கோர்ட் வாசல் பிடிக்காது. விதிக்கு உட்படாத பாதுகாப்பு உதிரிபாகம் விற்றால் பாகம் ஒன்றுக்கு 1 லட்சம் அபராதம் என்று 182ஏவில் இருப்பதை அவருடைய வக்கீலே அவருக்குச் சொல்லிக்கொள்வார். நீங்கள் அதை நோட்டீஸில் எழுதி மிரட்ட வேண்டாம், மிரட்டல் என்று திருப்பிவிடுவார்கள்.

ராஜிப் பத்திரத்தில் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. பணம் கொடுப்பவர்கள் "வேலையில் எந்தக் குறையும் இல்லை; இதனால் மூன்றாம் நபருக்கு ஏற்படும் எல்லாப் பொறுப்பும் வாகன உரிமையாளருடையது" என்று ஒரு வரி சேர்ப்பார்கள். பணம் வருகிற சந்தோஷத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு என்னிடம் வந்தவர்கள் இருக்கிறார்கள். "ரேடியோ மற்றும் ஒயரிங் தொடர்பான கணக்கு முடிந்தது" என்பதோடு நிறுத்துங்கள். அவர்கள் ஒத்துக்கொள்ளாவிட்டால் அவசரம் இல்லை, நுகர்வோர் புகாருக்கு இரண்டு ஆண்டு இருக்கிறது. கடைசித் தேதியை டைரியில் குறித்துக்கொண்டு, எம்.சி.ஓ.பி. எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள்.

பழைய விளக்கு செட் வாங்கி மாட்டும்வரை வண்டி ஷெட்டை விட்டு வெளியே வர வேண்டாம், அடுத்த தெருவுக்குக் கூட. எல்இடி போர்டைக் கழற்றும்போது தூக்கி எறியாதீர்கள். பிரேக் அடித்தும் அடிக்காமலும் இருட்டில் ஒரு வீடியோ எடுத்துவிட்டு, கழற்றியதை ஒயரோடு ஓர் அட்டைப்பெட்டியில் போட்டு ஒட்டி வையுங்கள். வீடியோ உங்கள் போனில் இருக்கட்டும், யாருக்கும் அனுப்பாதீர்கள். பட்டறைக்காரருக்கு நிச்சயமாக வேண்டாம்.