கார் 2016 மாடல், ஊர்ல நிக்குது, 21 ஆயிரம் கி.மீ. தான் ஓடியிருக்கு, டயர் பட்டன் (ரோட்டுல படுற கட்டை கட்டையான ரப்பர்) புதுசு மாதிரி இருக்கு. டயர் மாத்தணுமா?

மாத்தணும்ங்க. ஏன்னு சொல்றேன், கொஞ்சம் நீளமா போகும்.

நான் காரைக்குடியில ஆக்டிங் டிரைவர். சொந்தமா கார் கிடையாது, ஆனா வருஷத்துக்கு நாப்பது அம்பது வேற வேற கார் ஓட்டுறேன். எங்க பக்கம் நிலவரம் தெரிஞ்சவங்களுக்கு தெரியும், கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோட்டையூர்னு எங்கிட்டு போனாலும் பெரிய வீடு, உள்ள வயசானவங்க ரெண்டு பேரு, இல்லன்னா வாட்ச்மேன் மட்டும், ஷெட்டுல ஒரு கார். புள்ளைங்க சென்னையில, சிங்கப்பூர்ல இருப்பாங்க. படைப்பு (முன்னோருக்கு படையல் போடுறது), கல்யாணம், பிள்ளையார்பட்டி கோயில், ஏர்போர்ட், இதுக்குத்தான் வண்டி வெளிய வரும். மீட்டரை பாத்தா 15 ஆயிரம், 20 ஆயிரம். இந்த மாதிரி வண்டிய எடுக்கத்தான் எனக்கு பயம். தினம் ஓடுற டாக்ஸி டயர் மொட்டையா இருந்தா கண்ணுக்கு தெரிஞ்சுரும், இது தெரியாது.

2022 மே மாசம் ஒரு ஆச்சி வீட்டு வண்டி, 2011 மாடல், 17 ஆயிரம் ஓடுனது. திருச்சி ஏர்போர்ட்ல மகன் குடும்பத்தை கூப்பிட போகணும். காலையில பாத்தா நாலு டயர்லயும் காத்து பாதிதான் இருக்கு, சைடுல மெல்லிசா வெடிப்பு. "ஆச்சி, டயர் மாத்திரலாம்"னேன். "ஓடாத வண்டிக்கு எதுக்கு தம்பி டயர், காத்த அடிச்சுட்டு கெளம்பு"ன்னாங்க. நானும் கெளம்பிட்டேன், அது என் தப்புதான். திரும்பி வரும்போது மதியம் ரெண்டு மணி, நல்ல வெயில், அஞ்சு பேரு, டிக்கி நிறைய பெட்டி. புதுக்கோட்டை தாண்டுனதுல இருந்தே பின்னாடி ஒரு அதிர்வு, ரோடு சரியில்லன்னு நெனச்சேன். திருமயம் தாண்டி டம்முனு ஒரு சத்தம். பிரேக்க அழுத்தாம ஸ்டியரிங்க கெட்டியா புடிச்சு, ஆக்சிலேட்டர்ல இருந்து கால எடுத்து, தானா வேகம் குறைய விட்டு ஓரங்கட்டுனேன். இறங்கி பாத்தா பின் லெப்ட் டயர்ல மேல் பட்டை முழுக்க உரிஞ்சு தொங்குது, மட்கார்டு கிழிஞ்சுருச்சு, உள்ள கம்பி தெரியுது. பட்டன் ஆழம் மட்டும் அப்பயும் அப்படியே இருந்துச்சு. ஸ்டெப்னிய எடுத்தா அதுவும் அதே வயசு, மீதி தூரத்தை 40லயே உருட்டிக்கிட்டு வந்தேன்.

அதுல இருந்து எந்த வண்டிய எடுத்தாலும் மொதல்ல குத்தவச்சு டயர் தேதிய பாத்துருவேன். சைடுல DOTன்னு இங்கிலீஷ்ல போட்டு ஒரு நம்பர் வரும், அதுல கடைசி நாலு இலக்கம்தான் தேதி. ஆச்சி வண்டியில 0911, அதாவது 2011ல 9வது வாரம் செஞ்சது. 2216ன்னு இருந்தா 2016ல 22வது வாரம். முழு நம்பர் ஒரு பக்கம்தான் இருக்கும், சில நேரம் உள்பக்கமா மாட்டியிருப்பாங்க, அப்ப போனை உள்ள விட்டு போட்டோ எடுத்து பாருங்க.

ஓடாம இருந்தா டயர் கெடாதுன்னு எல்லாரும் நெனக்கிறாங்க, நெசத்துல தலைகீழ். ரப்பர்ல வெடிப்பு விழாம இருக்க ஒரு மெழுகு மாதிரி சமாச்சாரம் கலந்திருப்பாங்க. டயர் உருண்டு வளைஞ்சு கொடுக்கும்போதுதான் அது மேல கசிஞ்சு வந்து காப்பாத்தும். நிக்கிற வண்டியில அது நடக்காது, காத்தும் சூடும் ரப்பரை காய வச்சுரும். போதாக்குறைக்கு ஒரே இடத்துல பாரம் இருந்து அந்த இடம் தட்டையாயிரும். சில வீடுகள்ல பளபளன்னு இருக்கணும்னு டயருக்கு டீசல் போட்டு துடைப்பாங்க, தயவுசெஞ்சு வேணாம், டீசல் ரப்பரை ஊற வச்சு கெடுத்துரும்.

கணக்கு என்னன்னா, அஞ்சு வருஷம் ஆச்சுன்னா வருஷா வருஷம் கடையில கழட்டி காட்டணும், பத்து வருஷம் ஆச்சுன்னா பாக்க எப்படி இருந்தாலும் மாத்தணும். மிச்செலின் மாதிரி டயர் கம்பெனிகளே இதத்தான் சொல்றாங்க. நான் எங்க ஊர் வெயிலுக்கு ஆறு ஏழோட நிறுத்திக்க சொல்வேன், அது என் கணக்கு.

தேய்மானம் பாக்குறது சுலபம். பள்ளத்துக்குள்ள குறுக்க சின்ன மேடு இருக்கும், அது எங்க இருக்குன்னு சைடுல ஒரு முக்கோணம் போட்டிருப்பாங்க. பட்டன் தேஞ்சு அந்த மேட்டுக்கு சமமா வந்தா 1.6 மி.மீ. தான் மிச்சம், அதோட முடிஞ்சுது. தீக்குச்சிய பள்ளத்துல விட்டு நகத்தால அடையாளம் வச்சு புள்ளைங்க ஸ்கேல்ல அளந்தாலும் தெரியும். ஐப்பசி கார்த்திகை மழையில நைட்டு ஓட்டுறவங்க 3 மி.மீ.லயே மாத்திருங்க, தண்ணி வெளிய போக வழியில்லன்னா வண்டி மிதக்கும். நடுவுல மட்டும் தேஞ்சா காத்து ஜாஸ்தி, ரெண்டு ஓரமும் தேஞ்சா காத்து கம்மி, ஒரு ஓரம் மட்டும்னா அலைன்மென்ட், அதாவது சக்கரம் நேரா நிக்குதான்னு பாக்கணும்.

எங்க ஊர்ல இன்னொன்னு இருக்கு, கருவேல முள். டயர்ல குத்தி உள்ளயே ஒடிஞ்சு நிக்கும், காத்து ஒரேயடியா போகாது, மெதுவா மெதுவா போகும். தெரியாம அந்த கம்மி காத்துலயே ஓட்டுனா சைடு மடங்கி மடங்கி உள்ளுக்குள்ள அரைபட்டுரும். பஞ்சர் ஒட்ட கழட்டும்போது பக்கத்துலயே நில்லுங்க, உள்ள கருப்பா ரப்பர் பொடி கொட்டுனா அந்த டயர் காலி, கடைக்காரர் "ஒட்டிரலாம்ணே"ன்னாலும் ஒட்டாதீங்க. சைடுல பஞ்சர் ஆனாலும், சைடு பொடைச்சு வீங்கியிருந்தாலும் அப்படித்தான்.

ரெண்டு மட்டும் மாத்துறதா இருந்தா புதுசை பின்னாடி போட சொல்லுங்க. பழக்கத்துல முன்னாடிதான் மாட்டுவாங்க. ஆனா முன்னாடி வழுக்குனா ஸ்டியரிங்ல ஓரளவு சமாளிக்கலாம், பின்னாடி வழுக்குனா வண்டி சுத்திரும். வாங்கும்போது அதே நாலு இலக்கத்த பாருங்க, புதுசுன்னு ரெண்டு மூணு வருஷ ஸ்டாக்க தள்ளி விடுவாங்க. செகண்ட் ஹேண்ட் டயர் பேச்சே வேணாம்.

உங்க வண்டிக்கு வர்றேன். ஸ்டெப்னியோட சேத்து அஞ்சுக்கும் நம்பர பாருங்க. 16னு முடிஞ்சா மீட்டரை பாக்காம அஞ்சையும் மாத்திருங்க. அதுவரைக்கும் வண்டிய எடுத்தே ஆகணும்னா டிரைவர் கதவு ஓரத்துல ஒட்டியிருக்குற ஸ்டிக்கர்ல உள்ள அளவுக்கு, வண்டி சூடாகுறதுக்கு முன்னாடியே காத்து அடிச்சு, உள்ளூர்ல மட்டும் மெதுவா ஓட்டுங்க, பைபாஸ்ல வேணாம். புதுசு போட்டப்புறம் வாரத்துக்கு ஒருக்கா யாரையாவது பத்து கிலோமீட்டர் ஓட்டிட்டு வர சொல்லுங்க. அந்த ஆச்சி வீட்டுக்கு இப்ப ஞாயித்துக்கெழமை தோறும் நான்தான் போறேன், குன்றக்குடி வரைக்கும் ஒரு நடை, அவங்களும் வந்து முன் சீட்டுல உக்காந்துக்குவாங்க.