குற்றப்பத்திரிகை தெலுங்கில் இருந்தால் கேஸ் செல்லாதா?

தம்பிக்குத் தெலுங்கில் குற்றப்பத்திரிகை கொடுத்தார்கள், தமிழ் மொழிபெயர்ப்பு கேட்டால் மறுத்துவிட்டார்கள், வக்கீல் ‘நான் பாத்துக்கறேன்’ என்கிறார் என்று கேட்டிருக்கிறீர்கள். கேஸ் செல்லும். ஆந்திராவின் நகரி கோர்ட்டில் உங்கள் தம்பிக்குத் தெலுங்கில் கொடுத்ததாலேயே குற்றப்பத்திரிகை அடிபடாது. 2023ல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. தமிழ் மொழிபெயர்ப்பு கேட்கலாம். ஆனால் நகல் கைக்கு வந்ததுமே கேட்க வேண்டும்.

உங்களுக்கு மொழிபெயர்ப்பு மறுத்தது, அனேகமாக வக்கீலுக்குத் தெலுங்கு தெரியும் என்பதால்தான். அப்படியானால் அவர்தான் வரிவரியாக விளக்கணும். ‘நான் பாத்துக்கறேன்’ என்பது விளக்கம் ஆகாது.

சாட்சி விசாரணை வேறு. தம்பி கோர்ட்டில் நிற்கும்போது, சாட்சி சொல்வதை அவருக்குப் புரியும் மொழியில் சொல்லியே ஆகணும் (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்., பிரிவு 314). இதற்கு இப்போதே மனு போடுங்கள்.

கைதுக் காரணத்தை எந்த மொழியில் கொடுத்தார்கள் என்றும் பாருங்கள். தெலுங்கில் மட்டும் என்றால், கைதை எதிர்க்க அதுதான் வலுவான பிடி.

ஒரு சிக்கல்: எல்லைப் பக்கம் எல்லாருக்கும் தெலுங்கு தெரியும் என்பார்கள். தம்பிக்குப் பேச வரும், படிக்க வராது என்றால் அதை மனுவிலேயே எழுதுங்கள்.