மலைநாட்டுக் குளிரில் பல்லி வைத்தியம்: கேட்டதும் சொன்னதும்

கால்நடை மருந்தகமொன்றில் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். மருத்துவர் அல்ல. வேலைக் காலத்தில் மாடும் ஆடும் நாயும்தான் அதிகம் பார்த்தது. கடைசிப் பத்து வருடத்தில் சப்பாத்துப் பெட்டிக்குள் பல்லியோடு வருகிறவர்களும் சேர்ந்துகொண்டார்கள். அந்த அனுபவத்தில் சொல்கிறேன். வீட்டில் பல்லி வளர்க்கிற மலைநாட்டுக்காரர்கள் கேட்ட கேள்விகளை வந்த வரிசையிலேயே எடுக்கிறேன்.

நுவரெலியா தம்பி ஒருவர்: ஐயா, என் லெப்பர்ட் கெக்கோ பல்லி பதினொரு நாளாக ஒன்றும் சாப்பிடவில்லை. கண்ணை மூடிக்கொண்டே கிடக்கிறது. விட்டமின் சொட்டு மருந்து வாங்கட்டுமா?

சொட்டு மருந்து இருக்கட்டும் தம்பி. தொட்டிக்குள் எத்தனை பாகை சூடு? அதை நீங்கள் எழுதவில்லை. இந்தப் பல்லிகளைப் பற்றிக் கேட்கிற யாரும் அதை எழுதுவதில்லை.

நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. வருடம் முழுவதற்கும் சராசரி எடுத்தாலே 16 பாகைக்குப் பக்கத்தில்தான் வரும். ஜனவரி, பெப்ரவரி விடியற்காலையில் புல்லில் பனி உறைகிற ஊர் அது. உங்கள் கெக்கோவின் பூர்வீகமோ பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான் பக்கத்துக் காய்ந்த பாறை நிலம். நமக்கு அடுப்பு உடம்புக்குள்ளேயே எரிகிறது, அதற்கு வெளியில் எரிய வேண்டும். உடம்பு சூடேறாவிட்டால் தின்றது செரிக்காமல் வயிற்றிலேயே கிடந்து அழுகும். நோயை எதிர்க்கும் சக்தியும் படுத்துவிடும், கொடுக்கிற மருந்தும் ஒழுங்காக வேலை செய்யாது. சாப்பிடாமல் கிடப்பது இப்போதைக்கு அது செய்கிற புத்திசாலித்தனம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

தொட்டியின் ஒரு பக்கத்தில் தரை 31, 32 பாகை இருக்கட்டும். மறுபக்கம் 24, 25 போதும், சூடு அதிகமானால் விலகிப் போக அதற்கு ஓர் இடம் வேண்டும். எல்ஈடி பல்பு வெளிச்சம் தருமே தவிர சூடு தராது. பழைய குண்டு பல்பு அல்லது வெளிச்சமே இல்லாத செரமிக் சூட்டு பல்பு போடுங்கள், பல்லி ஏறித் தொட முடியாத இடத்தில். மின்சாரச் சூட்டுக் கல் மட்டும் வேண்டாம். அதில் படுத்துக் கிடந்த ஒரு கெக்கோவைத் திருப்பிப் பார்த்தேன், வயிறு அடிப்பிடித்த ரொட்டி மாதிரி இருந்தது. அப்புறம், வெப்பமானி வாங்குங்கள். குளிரில் விறைத்த கைக்கு 22 பாகையும் சூடாகத்தான் தெரியும்.

முதல் இரண்டு நாள் சூடு மட்டும். பிறகு தண்ணீர்: வயிறு நனையும் அளவு வெதுவெதுப்பான தண்ணீரில் தினமும் பத்து நிமிடம். அதற்குப் பிறகுதான் சாப்பாடு. சமையல் தராசில் நிறையை எடுத்து எழுதி வையுங்கள், பத்தில் ஒரு பங்கு குறைந்தால் மருத்துவரிடம் போக வேண்டும். வாலையும் பாருங்கள். கெக்கோ கொழுப்பைச் சேர்த்து வைப்பது அங்கேதான். வால் பென்சில் மாதிரி மெலிந்திருந்தால் என் பேச்சைக் கேட்டுக்கொண்டிருக்காமல் இன்றைக்கே கிளம்புங்கள்.

தலவாக்கலை அக்கா ஒருவர்: கரண்ட் போனால் என்ன செய்வது? போன வாரம் மரம் விழுந்து ஒரு நாள் முழுக்க இல்லை.

2022இல் 13 மணித்தியாலம் வெட்டினார்களே, அப்போது எல்லோருக்கும் சொன்னதுதான். சுடுதண்ணீர்ப் போத்தலை துவாயில் சுற்றி, ரெஜிபோம் பெட்டியின் ஒரு மூலையில் வையுங்கள். காற்றுக்கு நாலு துளை போடுங்கள். ஆற ஆற மாற்றுங்கள். அன்றைக்குச் சாப்பாடு வேண்டாம். விறகடுப்புக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைக்கிறார்கள், அது சரியில்லை. புகை அதன் நுரையீரலுக்கு ஆகாது.

ஹட்டனிலிருந்து: எங்கள் பியர்டட் டிராகன் (ஓணான் மாதிரியான வளர்ப்புப் பல்லி) வாயைத் திறந்து மூச்சு விடுகிறது, மூக்கில் நுரை. அம்மா கோடாலித் தைலம் கொஞ்சம் நெஞ்சில் தடவிவிட்டார். பரவாயில்லையா?

அம்மாவைக் கோபிக்காதீர்கள், நமக்கெல்லாம் சளிக்கு அதுதானே தெரியும். ஆனால் உடனே வெதுவெதுப்பான தண்ணீரால் துடைத்துவிடுங்கள். பல்லி வகைக்குத் தைலம், கற்பூரம் எதுவும் கிட்டவே வரக்கூடாது.

பல்புக்குக் கீழே வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருப்பது சாதாரணம், சூட்டைத் தணிக்கிறது. குளிர்ந்த பக்கத்திலும் திறந்திருந்தால், அதோடு நுரையும் விசில் மாதிரிச் சத்தமும் இருந்தால், அது நுரையீரல் தொற்று. வீட்டில் மாறாது. அன்டிபயோட்டிக் வேண்டும், அதுவும் நிறைக்குக் கணக்குப் பார்த்து. உங்களுக்குத் தந்து மிஞ்சிய மாத்திரையை உடைத்துக் கொடுக்காதீர்கள். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் கால்நடைப் போதனா வைத்தியசாலை இருக்கிறது. போகும் வழியில் பெட்டிக்குள் அந்தச் சுடுதண்ணீர்ப் போத்தலை மறக்க வேண்டாம். பஸ் ஜன்னல் காற்றில் விறைத்துப்போய் வந்து சேர்ந்த பிராணியை வைத்து மருத்துவர் என்ன செய்வார்?

பனடோல் கால் துண்டு கொடுக்கலாமா?

கூடாது.

பண்டாரவளை மாமா ஒருவர்: நம் வீட்டு டிராகனுக்குப் பின்னங்கால் நடுங்குகிறது. தாடை ரப்பர் மாதிரி வளைகிறது. தினமும் ஜன்னல் வெயிலில்தான் வைக்கிறோம், கல்சியம் தூளும் போடுகிறோம்.

ஜன்னலில் கண்ணாடி இருக்கிறதா? அங்கேதான் பிழை. வெயிலில் உள்ள யூவி‑பி கதிர் பட்டால்தான் அதன் தோலில் விட்டமின் டி உண்டாகும். அது இல்லாமல் எவ்வளவு கல்சியம் போட்டாலும் உடம்பில் ஒட்டாது. ஜன்னல் கண்ணாடி அந்தக் கதிரை நிறுத்திவிடும், வெளிச்சமும் சூடும் மட்டும் உள்ளே வரும். கல்சியம் கிடைக்காத உடம்பு தன் எலும்பிலிருந்தே அதை உருவி எடுக்கும். தாடை வளைவது அதனால்தான்.

யூவி‑பி குழாய் பல்பு வாங்கிப் பகலில் பத்துப் பன்னிரண்டு மணித்தியாலம் போடுங்கள். எரிந்துகொண்டே இருந்தாலும் வருடத்துக்கு ஒரு தடவையாவது மாற்ற வேண்டும், கதிர் முதலில் போய்விடும், வெளிச்சம் பிறகுதான் போகும். படுக்கும் இடம் 38 முதல் 42 பாகை. வெயில் நாளில் அரை மணித்தியாலம் வெளியில், கம்பிக் கூட்டில், ஒரு பக்கம் நிழலோடு வைக்கலாம். கண்ணாடித் தொட்டியோடு வெயிலில் வைத்தால் வெந்துவிடும். நடுக்கம் வந்துவிட்டதால் மருத்துவரையும் பாருங்கள். கரண்டியால் வாயை நெம்பி ஊட்ட வேண்டாம், அந்தத் தாடை முறிந்துவிடும்.

ஹக்கல பக்கம் ஒரு தங்கச்சி: பூனை ஓர் ஓணானைக் கவ்விக்கொண்டு வந்தது. மூக்கில் குட்டிக் கொம்பு இருக்கிறது. முதுகில் பல் தடம். பல்புக்குக் கீழே வைத்திருக்கிறேன்.

முதலில் பல்பை அணையுங்கள்! இவ்வளவு நேரம் சூடு சூடு என்று சொன்னவன் இப்படிச் சொல்கிறேனே என்று நினைக்காதீர்கள். இது கொம்பு ஓணான், இலங்கையின் மலைக்காட்டில் மட்டும் உள்ளது. பனிமூட்டமும் ஈரப் பாசியும்தான் அதன் வீடு. டிராகனுக்கு உயிர் கொடுக்கிற சூடு இதைக் கொன்றுவிடும். அட்டைப் பெட்டியில் ஈர இலையைப் போட்டு, இருட்டான, குளிர்ச்சியான இடத்தில் வையுங்கள்.

பாமசியில் கிடைக்கும் பொவிடோன் அயோடினைத் தண்ணீரில் கலந்து, இலேசான சாயத்தண்ணி (பால் இல்லாத தேநீர்) நிறத்துக்குக் கொண்டுவந்து, பஞ்சால் காயத்தில் ஒற்றுங்கள். பூனைப் பல்லின் காயம் வெளியே ஊசிமுனை அளவுதான் தெரியும், கிருமி உள்ளே ஆழத்தில் போயிருக்கும். அதனால் வனஜீவராசிகள் திணைக்களத்துக்குச் சொல்லுங்கள், அவசர இலக்கம் 1992. நம் காட்டு ஓணான்களை வீட்டில் வைத்து வளர்ப்பது சட்டப்படி குற்றம், ‘காயம் ஆறட்டும்’ என்று ஒரு மாதம் வைத்திருக்க வேண்டாம். வெளிநாட்டுப் பல்லி வைத்திருக்கிற மற்றவர்களும் உங்கள் அனுமதிப் பத்திரங்களைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

ராகலை: பல்லியின் விரல் நுனியில் பழைய தோல் வளையம் மாதிரி ஒட்டியிருக்கிறது.

விட்டால் இரத்த ஓட்டம் நின்று விரல் விழுந்துவிடும். வெதுவெதுப்பான தண்ணீரில் கால் மணித்தியாலம் ஊறவிட்டு, காது துடைக்கும் பஞ்சுக் குச்சியால் உருட்டுங்கள். வராவிட்டால் நாளைக்கு மறுபடியும் பாருங்கள். உரித்து இழுக்கக் கூடாது.

நானுஓயா: லீக்ஸ் பாத்தியில் வெட்டுக்கிளி நிறைய. பிடித்துப் போடலாமா?

மருந்து அடிக்காத லீக்ஸ் பாத்தியை நான் இன்னும் பார்க்கவில்லை. வேண்டாம். வளர்த்த சிள்வண்டு, மீல்வேர்ம் புழு போதும். மின்மினிப்பூச்சியும் கூடாது, அதன் நஞ்சு பியர்டட் டிராகன்களைக் கொன்றிருக்கிறது.

பதுளை அம்மா ஒருவர்: மூன்று வயதுப் பேத்தி வீட்டுப் பல்லியைத் தொட்டு விளையாடுகிறாள்.

ஐந்து வயதுக்கு முன் வேண்டாம் அம்மா. நல்ல சுகமாக இருக்கிற பல்லியின் எச்சத்திலும் சல்மொனெல்லா கிருமி இருக்கும். தண்ணீர்த் தட்டைச் சமையலறைத் தொட்டியில் கழுவவும் வேண்டாம்.

முதல் கேள்வி கேட்ட நுவரெலியா தம்பி மறுபடியும்: ஐயா, வெப்பமானி வாங்கிப் பார்த்தேன், 19 பாகை! இப்போது 31க்குக் கொண்டுவந்து மூன்று நாள். நேற்று மாலை கண்ணைத் திறந்தது. இன்று ஒரு சிள்வண்டை எட்டிப் பிடித்துவிட்டது. இன்னும் நாலைந்து போடட்டுமா?

போடாதீர்கள். பதினாலு நாள் சும்மா இருந்த வயிறு. அந்த ஒன்று எச்சமாக வெளியே வரட்டும், அப்புறம் அடுத்தது. ஞாயிற்றுக்கிழமை நிறையைச் சொல்லுங்கள், கிராம் கணக்கில்.